தலைப்பிரசவமும் ஓடாத லிஃப்டும்

எங்க அபார்ட்மெண்டு லிஃப்டுக்குள்ள ஒரு காலத்துல ஆளுங்க ஏறுனாங்க, எறங்குனாங்க. அப்பறம் பாத்தா வெளக்கமாறு, பினாயில் கேன், கால் ஒடஞ்ச பிளாஸ்டிக் சேரு, இதுகதான் அதுக்குள்ள சொகமா குடியிருந்துச்சு. வாடகையும் கெடையாது, பராமரிப்புக் கட்டணமும் கெடையாது. குடுத்து வச்ச வெளக்கமாறு!

எம்பேரு சுகுணா. கீழ்த்தளத்துல மொத வீடு. பிளவுஸ் தைக்கிறேன். மிஷினைக் கதவுப் பக்கம் போட்டிருக்கதால, கேட்டுக்குள்ள யாரு வந்தாலும் என் கண்ணுல படாமப் போக முடியாது. எனக்கு வாய் நீளம்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு. இருந்துட்டுப் போகட்டும். மூணாவது மாடி ரத்தினவேல் அண்ணன் பட்ட பாட்டைச் சொல்ல குட்டை வாய் பத்தாது.

அண்ணனுக்குச் சொந்த ஊரு அறந்தாங்கிக்கு அங்கிட்டு ஒரு கிராமம். கல்யாணமான கையோட குவைத்துக்குப் போயிட்டாரு. தண்ணி லாரி டிரைவரு. ஒரு ரூமுல எட்டுப் பேரு, கட்டிலு மேல கட்டிலு. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ ஊருக்கு வருவாரு. மக கலைமதி பொறந்தப்ப அவரு அங்க இருந்தாரு. புள்ளைய மொத மொதல்ல பாத்தப்ப அது நடந்து வந்து, "இது யாரு?"ன்னு ஆத்தாகிட்டக் கேட்டுச்சாம். அதைச் சொல்லும்போது செவந்தி மதினி சிரிப்பாங்க. அண்ணன் சிரிக்க மாட்டாரு. எந்திரிச்சு அங்கிட்டுப் போயிருவாரு.

அத்தனை வருஷச் சம்பாத்தியத்தையும் போட்டுத்தான் புதுக்கோட்டையில, திருக்கோகர்ணம் போற வழியில, இந்த வீட்டை வாங்குனாரு. மதினிக்கு ரெண்டு முழங்காலும் தேஞ்சு போச்சு. படி ஏறவே கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. "அப்படின்னா ஏண்ணே மூணாவது மாடி வாங்குனீங்க?"ன்னு ஒரு நாளு கேட்டேன். "லிஃப்ட் இருக்குன்னு சொல்லித்தானே வித்தாங்க. காத்தோட்டமா இருக்கட்டும்னு வாங்குனேன். அந்த ரூமுல பதினேழு வருஷம் எனக்கு சன்னலே கெடையாது சுகுணா"ன்னாரு. இதுக்கு மேல என்னத்தக் கேக்குறது?

மொத ரெண்டு வருஷம் எல்லாம் ஒழுங்காத்தான் நடந்துச்சு. கட்டடத்தைக் கட்டிக் குடுத்தவரு அப்பறம் வேற ஊருல வேலை எடுத்துட்டுப் போயிட்டாரு. பராமரிப்பை ஒரு கம்பெனிக்கு விட்டுட்டோம்னு சொன்னாங்க. கம்பெனின்னா என்ன? வெற்றிசெல்வன்னு ஒரு ஆளு, மடிப்புக் கலையாத சட்டை, ரெண்டு போனு, கீழ எனக்கு எதுத்தாப்புல ஒரு ஆபீஸ் ரூமு. அந்த ரூமு நாங்க கூட்டம் போடறதுக்குன்னு பிளான்ல காட்டுன பொது ரூமு. அதுல ஏசி மாட்டிக்கிட்டு அவரு உக்காந்துட்டாரு. மத்தபடி தொட்டி கழுவ ஆளு வரல, மாடிப்படியில பல்பு எரியல, சாக்கடை அடைச்சா எங்க வீட்டுப் பாத்ரூமு வழியாத்தான் மேல வரும். கேட்டா, "நோட் பண்ணிக்கிட்டேன் மேடம்" அப்படிம்பாரு. அந்தாளு நோட் பண்ணுன கணக்குக்கு இந்நேரம் ஒரு அரண்மனையே கட்டியிருக்கலாம்.

ஆவணி மாசம் லிஃப்ட் நின்னுச்சு. ரெண்டு நாளுல சரியாயிரும்னாங்க. தீபாவளி போச்சு, கார்த்திகை போச்சு. மதினி மேல மாட்டிக்கிட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா ரெண்டு பேரு ரெண்டு பக்கமும் புடிச்சு, ஒவ்வொரு படியா எறக்கி, ஒவ்வொரு படிக்கும் "ஐயோ ஆத்தா"ன்னு அவுங்க கத்த, எனக்குக் கீழ மிஷின் ஓடாது.

இந்த லட்சணத்துல தை பொறந்ததும் வெற்றிசெல்வன் வாட்ஸப்புல ஒரு சேதி போட்டாரு. வருஷக் கட்டணம் இருபத்தி நாலாயிரமாம். போன வருஷம் பதினெட்டு. ஒரே தவணையா, முன்கூட்டியே கட்டணுமாம். எனக்கு வந்துச்சே கோவம்! ஆனா என் கோவத்தை யாரு மதிக்கிறா? ரத்தினவேல் அண்ணன்தான் நேரா ஆபீசுக்குப் போனாரு. கத்தல, மேசையத் தட்டல. "தம்பி, லிஃப்ட் ஓடட்டும். ஓடுன அன்னிக்கு நானே கொண்டாந்து கட்டுறேன். அதுவரைக்கும் ஒத்த ரூவா தர மாட்டேன்"னுட்டு வந்துட்டாரு. அவ்வளவுதான். அதைக் கேட்டு ரெண்டாவது மாடி ஷீபா டீச்சரு நானும் கட்டலைன்னாங்க. நானும் கட்டல. மொத்தம் பன்னெண்டு வீடு அண்ணன் பின்னால நின்னுச்சு. ஷீபா டீச்சருக்கு அண்ணன்னா அப்படி ஒரு மரியாதை. சாயங்காலமானா டீச்சரும் மதினியும் போன்லயே ஒரு மணி நேரம் பேசுவாங்க, ஒரு மாடி தள்ளி இருந்துக்கிட்டு!

வெற்றிசெல்வன் லேசுப்பட்ட ஆளா? கேட்டுக்குப் பக்கத்துல ஒரு பலகை வச்சு, பணம் கட்டாதவங்க பேரையெல்லாம் செகப்பு மையில எழுதிட்டாரு. மொதப் பேரு அண்ணன் பேரு. பால்காரரு படிக்கிறாரு, கேஸ் சிலிண்டர் போட வர்றவரு படிக்கிறாரு. என் பேரு ஏழாவதா இருந்துச்சு. நான் பாட்டுக்கு அதுக்கு நேரா கோலம் போட்டேன், எனக்கென்ன. அண்ணனுக்குத்தான் உள்ளுக்குள்ள அரிச்சுச்சு. குவைத்துல இருந்து வந்த ஆளு கடங்காரன் மாதிரி பலகையில நிக்கிறாரேன்னு சொந்தக்காரங்க யாராச்சும் பாத்துருவாங்களோன்னு.

அவரு பயந்த மாதிரியே ஆச்சு. பாத்தவரு சம்மந்தி.

கலைமதியை அன்னவாசல்ல குடுத்திருந்தாங்க. மாப்பிள்ளை ரகுநாத் சிங்கப்பூர்ல இருக்காரு. புள்ள மாமனார் மாமியாரோட இருந்துச்சு, மாசமா இருந்துச்சு. பங்குனியில வளைகாப்பு. எங்க பக்கம் வழக்கம் தெரியும்ல, வளைகாப்பு முடிஞ்ச கையோட புள்ளையைத் தாய்வீட்டுக்குக் கூட்டியாந்துறணும். தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான். அதுக்குன்னு அண்ணன் ஒரு ரூமுக்குப் புதுசா சுண்ணாம்பு அடிச்சு, கொசுவலை கட்டி, தொட்டில் கொக்கி மாட்டி வச்சிருந்தாரு. "எம்மக பொறந்தப்பத்தான் நான் இல்ல. அவ பெறும்போதாச்சும் வாசல்ல நிக்கணும்"னு எங்கிட்டயே சொன்னாரு. அவருக்கு வேற ஆசையே கெடையாது. லிஃப்டுக்காக அவரு சண்டை போட்டது மதினி காலுக்கு மட்டும் இல்ல, இதுக்கும்தான்.

மாசி கடைசியில சம்மந்தி வீரய்யா வந்தாரு. வெள்ளை வேட்டி, கையில ஒரு சீப்பு பழம். மருமகளை அனுப்புறதுக்கு முன்னாடி வீட்டை ஒரு எட்டுப் பாத்துட்டுப் போகலாம்னு வந்த நல்ல மனுசன். அன்னிக்குன்னு பாத்து அண்ணன் கலெக்டர் ஆபீசுல மனு குடுக்கப் போயிருந்தாரு, இதே லிஃப்ட் விஷயமாத்தான். வீரய்யா பலகைக்கு முன்னாடி நின்னுட்டாரு. மொகம் அப்படியே செத்துப் போச்சு. நான் மிஷினை விட்டுட்டு எந்திரிக்கிறதுக்குள்ள வெற்றிசெல்வன் ஏசி ரூமுல இருந்து வெளிய வந்துட்டாரு.

"யாருங்க சார், ரத்தினவேல் சாருக்கு வேண்டியவங்களா?"

"சம்மந்தி. லிஃப்ட் ஏன் நிக்குது?"

"என்னத்தச் சொல்றது சார். அவரு பணம் கட்டல. அவரைப் பாத்து மத்தவங்களும் கட்டல. பணம் இல்லாம லிஃப்டை எப்படி சார் ஓட்டுறது?"

அடப் பாவி! லிஃப்ட் நின்னது ஆவணியில, இவன் பணம் கேட்டது தையில. நான், "ஐயா, அவரு பொய் சொல்றாரு, நான் சொல்றதக் கேளுங்க"ன்னு ஓடுனேன். வீரய்யா என்னைப் பாத்துக் கையமத்துனாரு. "இருக்கட்டும் ஆத்தா. சம்மந்திக்கு என்ன கஷ்டமோ. என் பேரப்புள்ள வர்ற வழி, நான் கட்டுனா என்ன?" அப்படின்னுட்டு உள்ள போயி, போன்லயே பணத்தை அனுப்பிட்டாரு. "இனி ஓடும்ல?"ன்னு கேட்டாரு. "ஒரு வாரத்துல ஓடும் சார்"ன்னான். போறப்ப எங்கிட்ட, "சம்மந்திகிட்டச் சொல்லாதீங்க, சங்கடப்படுவாரு"ன்னுட்டு, பழத்தை எங்கையில குடுத்துட்டு, மேல ஏறாமலே போயிட்டாரு.

நான் சொல்லாம இருப்பேனா? பழத்தைத் தூக்கிக்கிட்டு மூணு மாடியும் ஏறிப் போயி மதினிகிட்டக் கொட்டிட்டேன். மதினி அப்படியே தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. "போச்சுடி சுகுணா. போச்சு."

வெளியூர்க்காரங்களுக்கு இது புரியாது. ஒரு பெரிய மனுசன் உதவி பண்ணுனா அதுல என்ன தப்பும்பாங்க. பொண்ணு குடுத்தவன் கை எப்பவும் மேல இருக்கணும். சீரு செய்யலாம், பணம் குடுக்கலாம், நகை போடலாம். மாப்பிள்ளை வீட்டுல இருந்து ஒத்தக் காசு வாங்கக் கூடாது. வாங்குனா அந்தப் பொண்ணு அந்த வீட்டுல தலை நிமிந்து ஒரு வாய் சோறு திங்க முடியாது. "ஒங்கப்பன் வீட்டுக்கு நாங்க கட்டுனோம்" அப்படிங்கிற ஒரு வார்த்தை போதும், ஆயுசுக்கும். வீரய்யா நல்ல மனசோடதான் பண்ணுனாரு. அந்த நல்ல மனசுதான் இவங்க கழுத்தைப் புடிச்சிருச்சு.

மதினி சொல்லித் தெரிஞ்சுக்கிட்டு, மறுநாளே அண்ணன் பணத்தை ஒரு கவருல போட்டு எடுத்துக்கிட்டு அன்னவாசலுக்குப் போனாரு. வீரய்யா எலை போட்டு, கோழி அடிச்சு, வயிறு நெறையச் சோறு போட்டாரு. பணத்தை நீட்டுனதும், "இதை நீட்டுனா நான் இனிமே ஒங்க வீட்டு வாசல மிதிக்க மாட்டேன் சம்மந்தி"ன்னுட்டாரு. கவரை அப்படியே கொண்டாந்து பீரோவுல வச்சாரு அண்ணன்.

இதுக்குள்ள அந்த வெற்றிசெல்வன், ரசீதைப் படம் புடிச்சு வாட்ஸப் குரூப்புல போட்டுட்டான். மூணாவது மாடி ரத்தினவேல் அவர்கள் கட்டணம் செலுத்திவிட்டார், நன்றி, கூப்பிய கை ரெண்டு. பலகையில மொதப் பேரை அழிச்சாச்சு.

அன்னிக்கு சாயங்காலம் ஷீபா டீச்சரு படியில அண்ணனை மறிச்சுட்டாங்க. "நாங்கல்லாம் ஒங்களை நம்பித்தானே பேரைப் பலகையில ஏத்திக்கிட்டோம்? நீங்க மட்டும் சத்தமில்லாமக் கட்டிட்டு வந்துட்டீங்க. ஏன் சார்? ஒரு வார்த்தை எங்ககிட்டச் சொல்லக் கூடாதா?"

அண்ணன் வாயைத் தொறக்கல. தொறந்தா என்னன்னு சொல்லுவாரு? சம்மந்தி கட்டுனாருன்னா? அது ஊரு பூரா போயி, அன்னவாசலுக்குப் போயி, மக தலையில விடியும். தலையக் குனிஞ்சுக்கிட்டு மேல ஏறிட்டாரு. எனக்கு இங்க கொதிக்குது. "டீச்சர், அது வந்து..."ன்னு நான் ஆரம்பிச்சேன். மேல இருந்து மதினி, "சுகுணா!"ன்னு ஒரு சத்தம் போட்டாங்க. அந்தச் சத்தத்துல என் வாய் மூடுனது மூடுனதுதான். மதினி எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாங்க. எனக்கு வாயைக் கட்டுறதுன்னா என்னன்னு அந்த ரெண்டு மாசத்துலதான் தெரிஞ்சுச்சு. பிளவுஸு கை ரெண்டையும் மாத்தி வச்சுத் தைச்சேன்.

ஒரே வாரத்துல மத்த வீடுங்களும் கட்டிருச்சு. தலைவரே கட்டிட்டாரு, நமக்கு எதுக்கு வம்புன்னு. நானும் கட்டுனேன், என் வீட்டுக்காரரு கட்டச் சொல்லிட்டாரு. அண்ணனைப் பாத்தா யாரும் பேசுறதில்ல. டீச்சரு மதினிக்குப் போன் போடறதை விட்டுட்டாங்க. மேல அவுங்க ரெண்டு பேரும், கீழ நாங்க எல்லாரும்.

லிஃப்ட் ஓடுச்சா? அதுதான் இல்ல! ஏதோ சாமான் கோயமுத்தூருல இருந்து வரணுமாம். வெற்றிசெல்வன் நோட் பண்ணிக்கிட்டாரு.

பங்குனியில அன்னவாசல்ல வளைகாப்பு வந்துச்சு. மதினி பட்டுச்சேலை கட்டி, தலை நெறையப் பூ வச்சு, கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டு எறங்க ஆரம்பிச்சாங்க. பெத்த தாயி மொத வளையலைப் போட வேணாமா? பாதி மாடி கூட எறங்கல. முழங்கால் பூட்டிக்கிச்சு. அங்கேயே உக்காந்து அழுதாங்க. அண்ணன் தூக்குறேன்னாரு, வலியில தொட விடல. கடைசியில அவுங்கள மேல ஏத்தி விட்டுட்டு, வளையல் தட்டோட அண்ணனும் சொந்தக்காரங்களும் போனாங்க. பூவோட மதினி நாள் பூரா சன்னல்கிட்ட உக்காந்திருந்தாங்க. அன்னிக்கு எனக்கு வந்த அழுகைய நான் எங்கிட்டுப் போயி அழுவேன்?

அன்னவாசல்ல சம்மந்தியம்மா புள்ளையை அனுப்ப மாட்டேன்னுட்டாங்க. "பணம் கட்டியும் லிஃப்ட் ஓடலையா? அப்ப எதுக்குக் கட்டுனோம்? நெறமாசக்காரியை மூணு மாடி ஏத்தி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா யாரு பொறுப்பு? இங்கேயே இருக்கட்டும்." அவுங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆனா தொட்டில் கொக்கிக்குக் கீழ நின்னுக்கிட்டு அண்ணன் மேல பாத்துக்கிட்டே இருந்தாராம். மதினி சொன்னாங்க.

சித்திரை முடியுற நேரம். மத்தியான வெயிலு மண்டையப் பொளக்குது. கேட்டுல ஒரு ஆட்டோ நிக்குது. எறங்குறது யாருன்னு பாத்தா கலைமதி! ஒத்தையில! கையில ஒரு பை. வயிறு மூக்குக்கு முன்னாடி நிக்குது.

"அடியே! யாரு கூட வந்த?"

"பஸ்ஸுல வந்தேன் அத்தை. அம்மாவைப் பாக்கணும்."

"இரு, அப்பாவைக் கூப்புடுறேன். படி ஏறாத, ஒன்னக் கும்பிட்டுக்கறேன்!"

கேட்டாத்தானே. அவ பாட்டுக்கு ஏற ஆரம்பிச்சுட்டா. நான் பின்னாடியே பையைப் புடுங்கிக்கிட்டு ஓடுறேன். நான் போட்ட சத்தத்துல மேல மதினிக்குத் தெரிஞ்சு போச்சு. மக வந்துருக்கான்னு தெரிஞ்ச பெறகு அந்த மனுசியைக் கட்டிலா புடிச்சு வைக்கும்? கைப்பிடியைப் புடிச்சாங்க, முடியல. அப்படியே படியில உக்காந்துட்டாங்க. உக்காந்தமேனிக்கு ஒவ்வொரு படியா, சின்னப் புள்ளைங்க சறுக்குற மாதிரி, கீழ எறங்க ஆரம்பிச்சுட்டாங்க. பின்னால அண்ணன், "செவந்தி, வேணாம், செவந்தி"ன்னு கதறிக்கிட்டு வாராரு.

ரெண்டாவது மாடியில, ஷீபா டீச்சரு வீட்டு வாசலுக்கும் லிஃப்ட் கதவுக்கும் நடுவுல, ஆத்தாளும் மகளும் சந்திச்சாங்க. ஒருத்திக்கு மூச்சு முட்டுது, ஒருத்திக்குக் காலு நீட்ட முடியல. ரெண்டு பேரும் தரையில உக்காந்து கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுவுறாங்க. கதவெல்லாம் தெறக்குது. எல்லாரும் வெளிய வந்து நிக்கிறாங்க. ஷீபா டீச்சரு ஒரு சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்துட்டு, "ஏம்மா, இந்த நெலமையில ஏன் தனியா வந்த? ஒங்க மாமா வீட்டுல சொல்லிட்டுத்தானே வந்த?"ன்னு கேட்டாங்க.

அவ்வளவுதான். கலைமதி ஒடைஞ்சுட்டா.

"என்னத்தச் சொல்லிட்டு வர்றது டீச்சர்? ஒங்கப்பனுக்கு வக்கில்லைன்னுதானே நாங்க கட்டுனோம், இன்னும் என்ன வேணும் ஒனக்குன்னு எங்க மாமியா கேக்குறாங்க. சோத்துல கைய வைக்கும்போது கேக்குறாங்க. எங்கப்பா கட்டலைங்க. எங்கப்பா ஒத்த ரூவா கட்டல. எங்க மாமாதான் கட்டுனாரு, இவருக்குத் தெரியாம!"

ஷீபா டீச்சரு திரும்பி அண்ணனைப் பாத்தாங்க. அண்ணன் சொவத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. ரெண்டு மாசமா எந்த வார்த்தை மக காதுல விழக் கூடாதுன்னு அந்த மனுசன் ஊரு வசவெல்லாம் வாங்கிக்கிட்டாரோ, அந்த வார்த்தையை அவ தெனமும் தின்னுக்கிட்டு இருந்துருக்கா. டீச்சரு மொகத்தை முந்தானையால மூடிக்கிட்டாங்க. "சார், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்"னு மட்டும் சொன்னாங்க.

சத்தம் கேட்டு வெற்றிசெல்வன் மேல வந்தாரு. "என்ன சார் இங்க கூட்டம்? பேஷண்டை உள்ள கூட்டிட்டுப் போங்க. காமன் ஏரியா இது."

செவந்தி மதினி நிமிந்தாங்க. அந்த மனுசி யாரையும் ஒரு சொல்லு சொன்னதில்ல. அன்னிக்குச் சொன்னாங்க.

"தம்பி, எனக்கு மேலயும் ஏற முடியாது, கீழயும் எறங்க முடியாது. எம்மகளுக்கும் அப்படித்தான். அவளுக்கு இது நெறமாசம். தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான் நடக்கணும். இந்த லிஃப்ட் ஓடுற வரைக்கும் இந்த எடந்தான் எங்க வீடு. இங்கேயே பெறட்டும். நீங்க போயி சுடுதண்ணி வைங்க."

ஒருத்தர் பாய் கொண்டாந்தாரு, ஒருத்தர் டேபிள் ஃபேனு. டீச்சரு தலகாணியோட வந்து மதினிக்கு முதுகுக்கு அண்டக் குடுத்தாங்க. எல்லாரு கையிலயும் போனு, எல்லாரும் வெற்றிசெல்வனைத்தான் படம் புடிக்கிறாங்க. அந்தாளு சட்டை மொத மொதல்ல கசங்கி நான் பாத்தது அன்னிக்குத்தான். அந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா போலீஸு வந்து யாரைப் புடிக்கும்னு அவருக்குத் தெரியாதா?

மருமகளைத் தேடிக்கிட்டு வீரய்யாவும் அரக்கப் பரக்க வந்து சேந்தாரு. கீழயே எல்லாத்தையும் கேட்டுட்டாரு. வீட்டுல நடந்த பேச்சும் அவருக்கு அப்பத்தான் தெரிஞ்சுச்சுபோல. மேல வந்தாரு. அண்ணனுக்குப் பக்கத்துல படியில உக்காந்தாரு. "சம்மந்தி, நான் நல்லதுன்னு நெனச்சுத்தான்..."ன்னு ஆரம்பிச்சாரு. அண்ணன் அவரு கையைப் புடிச்சுக்கிட்டாரு.

சாயங்காலம் டீச்சரு கலைமதியைத் தன் வீட்டு ஹாலுல படுக்க வச்சாங்க. மதினி அசையல. லிஃப்ட் கதவுக்கு நேரா சேரைப் போட்டு உக்காந்திருந்தாங்க. மறுநா காலையில மெக்கானிக்கு வந்துட்டாரு. கோயமுத்தூரு சாமானும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. லிஃப்ட் கம்பெனிக்கு வெற்றிசெல்வன் ரெண்டு வருஷமாப் பணமே கட்டல, அதனால அவுங்க வரல, அவ்வளவுதான் விஷயம். மெக்கானிக்கே சொன்னாரு. நான் என்ன கேட்டேன்னு இங்க எழுத முடியாது.

மத்தியானம் லிஃப்ட் ஓடுச்சு. கலைமதி ஏறுனா, மதினி ஏறுனாங்க, வீரய்யா ஏறுனாரு, டீச்சரு பையோட ஏறுனாங்க. "வாங்கண்ணே, எடம் இருக்கு"ன்னு நான் கூப்புட்டேன். அண்ணன், "நீங்க போங்க"ன்னுட்டுப் படியில போனாரு. அன்னிக்கு நான் அதைப் பெருசா எடுத்துக்கல.

வைகாசியில ஆம்பளப் புள்ள பொறந்துச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல அண்ணன்தான் நின்னாரு. நர்ஸு கொண்டாந்து அவரு கையிலதான் மொதல்ல குடுத்தாங்க. அழுதாரு, சிரிச்சாரு, என்ன பண்ணுறதுன்னே அவருக்குத் தெரியல. கலைமதியும் புள்ளையும் மூணாவது மாடிக்கு லிஃப்டுலதான் போனாங்க. அந்த ரூமுல தொட்டில் ஆடுச்சு. எல்லாம் நல்லபடியாத்தான் முடிஞ்சுச்சு.

அண்ணன் மட்டும் இன்னமும் படியிலதான் ஏறுறாரு. பாலு வாங்கிட்டு வந்தாலும் படி, சிலிண்டர் சீட்டுக்கு எறங்குனாலும் படி. வீரய்யாகிட்ட மறுபடியும் ரெண்டு தடவ கவரைக் கொண்டு போயிருக்காரு. அவரும் வாங்க மாட்டேங்குறாரு. வாங்குனா தான் செஞ்சது தப்புன்னு ஆயிரும்னு அவருக்கு ஒரு வைராக்கியம். ஒரு நாளு எனக்குப் பொறுக்கல. "ஏண்ணே, எத்தனை பேரை அழ வச்சு ஓடுன லிஃப்ட் இது? ஏறித் தொலைங்களேன்!"னு சத்தம் போட்டேன்.

"அது ஓடட்டும் சுகுணா. இந்த வருஷத்துக்கு நான் இன்னும் கட்டல"ன்னாரு.

சொல்லிட்டு ஏறுனாரு. நான் வாசல்ல நின்னு மேல பாத்துக்கிட்டிருந்தேன். மொத மாடி தாண்டுறதுக்குள்ள நின்னுட்டாரு. கைப்பிடியை ஒரு கையில புடிச்சுக்கிட்டு, குனிஞ்சு, வலது முழங்காலை அமுக்கி விட்டுக்கிட்டாரு.